சேரனுக்கு நான் கற்றுக்கொடுத்த தமிழ்

அது என் முடி இல்லை அக்கா, நாய் முடி. தட்டினாலும் போகாது. உங்கள் புடவையில் ஒட்டிவிடப் போகிறது, நான் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டிக்கொண்டு அழுதது. குனிந்து தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான். கேட்டைத் திறக்கவில்லை. பூட்டியிருந்தார்கள். எனக்காகத்தான் பூட்டியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குள் வரக் கூடாதாம்.

என் நாயா என்று கேட்டால், இல்லை. பக்கத்து வீட்டு பூபாலன் அண்ணனுடையது. பட்டாளத்துக்காரர். நாயை வளர்த்தது மட்டும் நான். நான் செய்தது சரியா தவறா என்று யாராவது ஒருவர் நியாயமாகச் சொல்ல வேண்டும் அக்கா. எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆள் இல்லை. எல்லோரும் அமுலு அக்கா பக்கம். அமுலு அக்கா அவருடைய மனைவி. கையில் குழந்தை, வீட்டில் நோயாளி. அப்படிப்பட்டவர் பக்கம் நிற்பதற்கு யாரும் யோசிக்க வேண்டியதே இல்லையே. வேலூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, உங்களை எனக்குத் தெரியாது, அவர்களை உங்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன வருஷம் அண்ணன் லீவு முடிந்து கிளம்பும்போது அமுலு அக்காவுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே நாயைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாசமாக இருக்கிற பெண், நாய் முடி ஆகாது என்று ஒரு காரணம். கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவிடு என்று அண்ணனிடமே ஒருவர் யோசனை சொன்னார். அவர் சைக்கிளில் பால் ஊற்றுகிறவர், அந்த நாய் அவரைப் பார்த்து ஒரு நாளும் குரைத்ததுகூட இல்லை. நான் அப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே சண்டை போட்டேன். ஒரு உயிரைக் கொண்டுவந்து பழக்கிவிட்டு, வசதிப்படவில்லை என்றதும் தெருவில் விடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா தமிழாசிரியர், வாதத்துக்கு மரியாதை கொடுப்பவர். "நீ பார்த்துக்கிறதா இருந்தா சரி" என்றார். நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஒப்படைக்க வந்த அன்று அண்ணன் எங்கள் வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"இன்னாம்மா நித்திலா, நல்லா கவனிச்சுக்கோ. உட்கார வைக்கணும்னா பைட்டோ. ஓடுனான்னா ருக்கோ, அப்படியே நிப்பான். ஆவோன்னா வருவான். சொன்னத செஞ்சா ஷாபாஷ்னு முதுகத் தட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

சொல்லச் சொல்ல அந்த நாய் செய்துகாட்டியது. பெயர் ஷேரு. செம்பழுப்பு, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"ஏண்ணா, நீங்க பொறந்தது இந்த ஊரு. இந்த நாய் பொறந்தது நம்ம தெருக் கோடி சாக்கடையாண்ட. இதுக்கு எதுக்குண்ணா இந்தி?"

"அட, வாயில அதான வருது. எந்நேரமும் அதுலயே கேட்டுக் கேட்டு."

"உங்களுக்கு உத்தரவு போடுறவங்க பாஷை அது. அதை எடுத்துட்டு வந்து ஒரு வாயில்லா ஜீவன்கிட்ட நீங்க போடுறீங்க. யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசிக்கவெல்லாம் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "யோசிக்கிறதுக்கு இன்னா கீது. அங்க பைட்டோன்னா நான் உட்காருவேன். இங்க வந்து நான் பைட்டோன்னா இவன் உட்காருவான். எனக்குக் கீழ யாரும்மா கீறாங்க? நான் சொல்லி ஒரு உயிரு கேக்குதுன்னா இவன்தான்."

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல நினைத்தேன் அக்கா. எவ்வளவு பெரிய அவமானத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள். நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். ஒரு பருவம் முழுக்க இதைத்தான் படித்தோம், அதிகாரம் எப்படி மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது என்று. கண்ணெதிரே, எங்கள் வாசலில், வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் ரயிலேறிய மறுநாளே நான் ஆரம்பித்துவிட்டேன். ஷேருவைச் சேரன் ஆக்கினேன். அதில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை, கூப்பிட்டவுடன் திரும்பியது. மற்றதுதான் கஷ்டம். "உட்கார்" என்று சொன்னால் முகத்தையே பார்க்கும். முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டும், உடனே ஒரு துண்டு கருவாடு. அம்மா வீடெல்லாம் நாறுகிறது என்று கத்துவார். "நில்", "வா", "விடு". ஒவ்வொன்றுக்கும் கருவாடு. முதுகு தட்டும்போது "நன்று" என்று சொன்னேன். அப்பாவே சிரித்தார், "நாய்க்கு எதுக்கும்மா இவ்வளவு செந்தமிழ்" என்று.

கற்றுக்கொடுப்பது பெரிதில்லை, மறக்கடிப்பதுதான் பெரிது. தெருவில் பிள்ளைகள் வேண்டுமென்றே "பைட்டோ"வென்று கத்துவார்கள். இது உட்காரப் போகும். நான் சங்கிலியைச் சுண்டி இழுப்பேன். அடித்தேன் என்று அமுலு அக்கா இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். சுண்டினேன், அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள், "பைட்டோ" என்று யார் சொன்னாலும் எங்கேயோ வேறு வீட்டுப் பேச்சு என்பதுபோல நின்றது. என் வாழ்க்கையில் நான் பேசி ஜெயித்தவை நிறைய உண்டு. பேசாமல் ஜெயித்தது இது ஒன்றுதான்.

அண்ணனிடம் மறைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவார், மனைவியிடம் பேசிவிட்டு நாயைப் பார்க்க எனக்குக் கூப்பிடுவார். நானே சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். "அண்ணா, உங்க நாய் தமிழன் ஆயிட்டான்." அவர் நம்பவில்லை. போனுக்குள்ளிருந்து "ஷேரு, பைட்டோ" என்றார். நின்றது. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நான் "உட்கார்" என்றேன், உட்கார்ந்தது. "பார்த்தீங்களா?" என்றேன்.

பின்னால் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. யாரோ வளத்த நாயாட்டம் கீது. வந்து பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அவ்வளவாகக் கூப்பிடவில்லை. அவர் வேலை பார்க்கும் மலையில் சிக்னல் கிடைக்காது.

பிறகுதான் விபத்து. சண்டை ஒன்றும் இல்லை அக்கா. லாரி கவிழ்ந்தது. மலைப்பாதையில் இறங்கும்போது சறுக்கி, இரண்டு பேர் இறந்துபோனார்கள், இவருக்குத் தலையில் அடி. குண்டு பட்டிருந்தால் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்திருப்பார்கள். லாரிக்கு யார் வைப்பார்கள்? எங்கள் தெருவில்கூட நிறைய பேருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அமுலு அக்காவின் குழந்தைக்கு அப்போது தலைகூட நின்றிருக்கவில்லை. அவருடைய தம்பி வடக்கே போய் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். மாதக்கணக்கில் வைத்திருந்து, வலது கையும் வலது காலும் சரியாக வராமல், பேச்சு போய், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பேச்சு சுத்தமாகப் போகவில்லை. அதுதான் இதில் முக்கியம். அமுலு என்று சொல்ல வராது. அம்மா வராது, தண்ணீர் வராது. வாயைத் திறந்து தேடுவார், கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும், ஒன்றும் வராது. ஆனால் திடீரென்று, சுத்தமாக, கணீரென்று வரும், "பைட்டோ." "ருக்கோ." "ஆவோ." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆவோதான், மூத்திரம் வந்தாலும் ருக்கோதான். டாக்டர் சொன்னாராம், நெடுநாள் அடித்து அடித்துப் பதிந்த வார்த்தைகள் சில பேருக்குத் தப்பித்துவிடும், மற்றவை மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்று. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பே எரிந்தது. தாய்மொழி போய்விட்டது, உத்தரவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

வந்த அன்று நாயைக் கொண்டுபோனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மொட்டையடித்த தலை, ஒரு பக்கம் பள்ளம். எனக்கே அடையாளம் தெரியவில்லை. சேரனுக்குத் தெரிந்தது. சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி மடியில் ஏறி முகமெல்லாம் நக்கியது. அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. அமுலு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த நாய் அண்ணனை மறக்கவே இல்லை, இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அமுலு அக்கா காதில் வாங்குவதில்லை.

அண்ணன் இடது கையால் அதை இறக்கிவிட்டுச் சொன்னார், "பைட்டோ."

நின்றது. வாலாட்டிக்கொண்டு நின்றது.

"பைட்டோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குரலில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு தெளிவு. கடைசியில் தன் கையாலேயே தன் தொடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். நாய் பயந்துபோய் என் காலுக்குப் பின்னால் வந்து நின்றது. தம்பி அவரை உள்ளே தூக்கிக்கொண்டு போனான்.

அமுலு அக்கா மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நித்திலா, ஒண்ணு பண்ணு. அவரு சொல்றப்ப நீ கதவாண்ட நின்னு மெதுவா உன் வார்த்தையச் சொல்லு. அது உட்காரட்டும். அவருக்குத் தெரிய வேணாம்."

"அது ஏமாத்து இல்லையாக்கா?"

"இருந்துட்டுப் போவட்டுமே."

"அவருக்கு மூளையில அடிபட்டிருக்கு, மரியாதையில அடிபடல. ஒரு மனுஷனைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தக் கூடாதுக்கா."

அமுலு அக்கா வாசல் வரை போய்த் திரும்பினார். "அப்ப பழைய வார்த்தையத் திருப்பிக் கத்துக்குடு" என்றார்.

இங்கேதான் அக்கா, நீங்கள் கவனிக்க வேண்டும். நான் முடியாது என்று சொல்லவில்லை. வேறொரு வழி சொன்னேன். நாய் எதற்காக இந்திக்குத் திரும்ப வேண்டும்? அவர் ஏன் தமிழுக்குத் திரும்பக் கூடாது? பேசப் பழக வேண்டியவர் அவர்தானே? உட்கார் என்ற ஒரே ஒரு சொல், அது வந்துவிட்டால் நாய் கேட்கும், நாய் கேட்டால் அவருக்கு ஊக்கம், அடுத்த சொல் வரும். இதில் என்ன ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள். நானே போய் உட்கார்ந்தேன். காலேஜ் முடிந்து தினமும். எதிரில் நாற்காலி போட்டு, என் வாயைப் பார்க்கச் சொல்லி, "உட்" என்று நிறுத்தி, "கார்". நாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதும் அது உட்காருவதைக் காட்டுவேன். "பாருங்கண்ணா, அவனுக்கு வருது, உங்களுக்கு வராதா?" என்பேன், உற்சாகமாகத்தான்.

அவர் முயன்றார். எச்சில் வழியும், துடைத்துவிடுவேன். "உ" என்று உதடு குவியும், நான் கை தட்டத் தயாராவேன், "பைட்டோ" என்று வந்து விழும். உடனே பயந்ததுபோல என் முகத்தைப் பார்ப்பார். நான் கோபப்படவே இல்லை. "இல்லண்ணா, அது வேணாம், மறுபடியும்" என்பேன். ஒரு நாள் நான் போனபோது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அமுலு அக்கா அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். "அவரு நைட்டெல்லாம் தூங்கல. நீ வர்ற நேரமானா நடுங்கறாரு. வேணாம், உனக்குக் கும்பிடு போடறேன்." நான் வாதாடிப் பார்த்தேன். பயிற்சி என்றால் முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். கேட்கவில்லை. "உன்னால முடிஞ்சா நாயக் கத்துக்குடு. முடியலன்னா நாயக் குடுத்துட்டுப் போ, நான் எதையோ பண்ணிக்கறேன்."

சரி என்றேன். தோற்றுப்போய் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். சூழ்நிலைக்காக ஒரு விட்டுக்கொடுத்தல். என் கொள்கை அப்படியேதான் இருக்கிறது. மூன்று வார்த்தைதானே, ஒரு நாய்க்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் வாயால் நான் அந்த மொழியில் ஒரு சொல் பேசியதில்லை அக்கா, பானிபூரிக் கடையில்கூடத் தமிழில்தான் கேட்பேன். அப்படிப்பட்டவள் ஒரு குடும்பத்துக்காக அதையும் செய்யத் துணிந்தேன். இதை யாராவது பெரிதாக நினைத்தார்களா?

நேற்று காலை. அமுலு அக்கா என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போனார். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் இருக்கிற இடம், சிமெண்ட் தரை, வெயில் அப்போதுதான் ஏறுகிறது. நாயை எதிரில் நிறுத்தினேன். எனக்குப் பின்னால் அண்ணன் இருந்தது தெரியும். நடைப் பயிற்சி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் தனியாகவே நிற்கிறார், அது நல்ல முன்னேற்றம்.

முதலில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நாய் அசையவில்லை. அந்த வார்த்தை வந்தாலே சங்கிலி சுண்டும் என்று அதற்கு ஞாபகம், காதைப் படுக்க வைத்துக்கொண்டு பின்வாங்கியது. மெதுவாகச் சொன்னால் ஆகாது, அண்ணன் சொன்ன மாதிரி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் எப்படிச் சொல்வார்? அவருக்கு எப்படிச் சொன்னார்களோ அப்படி. நான் மேடையில் பேசிப் பழகியவள், குரலுக்குக் குறைவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"பைட்டோ!"

பின்னால் வாக்கர் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன்.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். விழவில்லை அக்கா. முதலில் நானும் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வராத காலை எப்படி மடித்தாரோ தெரியாது, முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்தது, ஆனால் ஒழுங்காக, முதுகை நேராக வைத்துக்கொண்டு, கையை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நான் உங்களைச் சொல்லல. எழுந்திரிங்க. நாயச் சொன்னேன்."

அப்படியே இருந்தார். நாய் மிரண்டுபோய் அங்குமிங்கும் சுற்றிக் குரைத்தது, அவர் மேல் ஏறிவிடப் போகிறதே என்று என் வாயில் பழக்கத்தில் "உட்கார்" என்று வந்துவிட்டது. உடனே அதுவும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று.

எழுந்திரு என்பதற்கு அந்த மொழியில் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, நாய்க்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது. தமிழில் எத்தனை விதமாகச் சொல்வேன்? கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். கனத்தார். தூக்க விடவில்லை.

எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது என்று உண்மையைச் சொல்லட்டுமா? நான் வாசலில் அன்று சொன்னது அத்தனையும் சரி. ஒரு மனிதனை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று, இதைவிட நிரூபணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அமுலு அக்கா வெளியே வந்ததும் அதையே சொன்னேன். "பாத்தீங்களாக்கா, நான் முதல்லயே சொன்னேனே."

அமுலு அக்கா ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு பின்வாசற்படியில் நின்றார். அண்ணனைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். என் கையில் இருந்த பிரித்த பாக்கெட்டைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன்.

"ரெண்டு பேரும் நல்லா உக்காந்துகிறாங்க" என்றார். "அதுக்குக் குடுத்துட்டல்ல? அவருக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

ஒரு படித்த பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? இத்தனை மாதம் அந்த நாய்க்குச் சோறு போட்டு, உண்ணி பொறுக்கி, ஊசி போட்டுக் காப்பாற்றியவளிடம்? நாயையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அந்த மனிதருக்காக உண்மையில் வருத்தப்பட்டவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன், என் பேச்சில் எந்த இடத்தில் பிழை என்று. ஒரு இடத்திலும் இல்லை.

என்ன அக்கா?

இல்லை, பிஸ்கட்டைக் கொடுக்காமல் வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் கையை நீட்டிவிட்டார்.